வற்றல் எப்படி வற்றுகிறது? சுண்டை, மணத்தக்காளி முதல் பூந்திக்கொட்டை வரை

சுண்டை வற்றல் போடுவது பற்றி நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். "வெயிலில் கிருமியெல்லாம் செத்துவிடும், அதனால்தான் கெடுவதில்லை" என்பார் ஒருவர். "மோர் கசப்பை எடுத்துவிடும்" என்பார் இன்னொருவர். "காய்ந்த பிறகு அதில் என்ன சத்து இருக்கும், வெறும் சக்கை" என்று ஒரு கட்சி. "பச்சைக் காயைவிடப் பல மடங்கு சத்து" என்று எதிர்க்கட்சி. நான்கிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மட்டும் நம்பி வற்றல் போட்டால் பூசணம் பூத்த ஜாடிதான் மிஞ்சும். எனக்கு ஒரு வருஷம் அப்படித்தான் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலியோரம் தானாக முளைக்கும் ஒரு கசப்புக் காயை வருஷம் முழுக்கச் சாப்பிடும் பண்டமாக மாற்றுவது சாதாரண வேலை இல்லை. அதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் புரிந்துவிட்டால் அளவு, நாள் கணக்கு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம்

குளம் வற்றுகிறது என்கிறோம் இல்லையா, அதே வற்றுதல்தான் வற்றல். பேச்சில் வத்தல். காயோ அதன் துண்டோ தன் உருவத்தோடு நீர் வற்றிக் காய்ந்தால் அது வற்றல்: சுண்டை, மணத்தக்காளி, மிதுக்கு, கொத்தவரை, மாங்காய், மிளகாய். அரைத்த மாவையோ காய்ச்சிய கூழையோ பிழிந்தும் கிள்ளியும் காயவைத்தால் அது வடகம் அல்லது வடாம். சில ஊர்களில் அதையும் கூழ் வற்றல் என்பதால் குழப்பம் வருகிறது. இந்தக் கட்டுரை முழுக்கக் காய் வற்றலைப் பற்றியது.

சுண்டையும் மணத்தக்காளியும் சோலானம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அதே குடும்பத்து உறவுதான். இவற்றின் கனியைத் தாவரவியலில் பெர்ரி என்பார்கள். ஒரு பூவின் ஒற்றைச் சூலகம் வளர்ந்து, சதைக்குள்ளேயே விதைகள் புதைந்திருக்கும் கனி என்று பொருள். அந்தக் கணக்கில் தக்காளியும் பெர்ரிதான், சுண்டையும் பெர்ரிதான். இன்னொரு செய்தி: தரிசிலும் தோட்ட ஓரத்திலும் முள்ளோடு நிற்கும் சுண்டைச் செடியை நம் மண்ணிலேயே பிறந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். அதன் தாயகம் நடு அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கம். மிளகாய் வந்த அதே திசை.

கொடியில் காயும் துணி

ஈரத்துணியை நினைத்துக்கொள்ளுங்கள். பங்குனி மாதம் மாடியில் போட்ட வேட்டி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆகிவிடும். அதே வேட்டி ஐப்பசி அடைமழையில், வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் நாம் வியர்த்துக் கிடந்தாலும், இரண்டு நாள் நசநசவென்றே இருக்கும். சூடு இருந்தும் துணி காயவில்லை. ஏன்? சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருக்கிறது. துணியின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் இல்லை.

வற்றலுக்கும் இதே கதைதான். வெயில் காயைச் சூடாக்கி நீரை ஆவியாக்குகிறது. அந்த ஆவியை அள்ளிக்கொண்டு போவது காற்று. காற்று வறண்டும் வேண்டும், வீசவும் வேண்டும். இரும்புத் தகட்டில் நெருக்கமாகப் பரப்பிய சுண்டையைவிட, பனம்பாயில் அல்லது துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பியது நன்றாகக் காய்வது இதனால்தான்.

ஆனால் காய்க்கும் துணிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. துணிக்குத் தோல் கிடையாது. சுண்டையின் தோல்மேல் மெழுகு போன்ற ஒரு படலம் இருக்கிறது. செடி தன் நீரைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டுக்கொண்ட மழைக்கோட்டு அது. வெளியில் இருந்து நீர் உள்ளே போகாது, உள்ளே இருப்பதும் எளிதில் வெளியே வராது. முழுச் சுண்டையை அப்படியே வெயிலில் போட்டால் மேல்தோல் சுருங்கும், உள்ளே விதையைச் சுற்றிய ஈரம் சிறைபட்டுக் கிடக்கும். அதனால்தான் அம்மி ஓரத்தில் வைத்து, குழவியால் 'டப்' என்று ஒரு தட்டு தட்டுகிறார்கள். காய் கூழாகக் கூடாது. தோலில் ஒரு கீறல் விழுந்து, இரண்டொரு விதை எட்டிப்பார்த்தால் போதும். கிஸ்மிஸ் செய்யும் இடங்களில் திராட்சையைக் காரக் கரைசலில் முக்கி எடுப்பதும் இதே மழைக்கோட்டைப் பிய்க்கத்தான்.

சுருக்கமாக: காய்வதற்கு வெயில், வறண்ட காற்று, தோலில் ஒரு வழி, இந்த மூன்றும் வேண்டும்.

எவ்வளவு நீர் என்பதைவிட எப்படிப்பட்ட நீர் என்பது முக்கியம்

இதுதான் பலரும் தவறவிடும் இடம். எலுமிச்சை ஊறுகாயைப் பாருங்கள். ஜாடி நிறைய ஈரம். ஆனாலும் மாதக்கணக்கில் கெடுவதில்லை. தேனும் திரவம்தான், அதுவும் கெடுவதில்லை. கழுவி வைத்த கத்தரிக்காய் மட்டும் மூன்றே நாளில் அழுகுகிறது. ஈரம் இருந்தால் கெடும் என்றால் ஊறுகாய் ஏன் தப்பிக்கிறது?

சப்பாத்தி மாவு பிசைகிறீர்கள். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பிசைந்த பிறகு அந்தத் தண்ணீரைத் திரும்ப டம்ளரில் ஊற்றச் சொன்னால் முடியுமா? தண்ணீர் எங்கும் போகவில்லை, மாவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் மாவு அதைப் பிடித்துக்கொண்டது. பாக்டீரியாவுக்கும் பூசணத்துக்கும் தேவைப்படுவது இப்படிப் பிடிபடாத, கை நீட்டினால் கிடைக்கிற நீர். உப்பும் சர்க்கரையும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாயும் தேனும் தப்பிப்பது அப்படித்தான்.

கிடைக்கிற நீரை அளக்கும் அளவுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. ஒட்டக் காய்ந்தால் 0. பச்சைக் காய்கறிகள் 0.97க்கு மேல் நிற்கும். ஏறக்குறைய 0.90க்குக் கீழே வந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.80க்குக் கீழே பெரும்பாலான பூசணங்களும் நின்றுவிடும். 0.60க்குக் கீழே எதுவுமே வளராது. இனி மேலும் கரையாது என்கிற அளவுக்கு உப்பு கரைந்த தண்ணீர் 0.75ல் நிற்கும். அந்த 0.75ஐக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

ஆக, "வெயில் கிருமியைக் கொன்றுவிடும்" என்பது சரியில்லை. வெயில் சிலவற்றைக் கொல்லலாம். பெரும்பாலானவை, முக்கியமாகப் பூசணத்தின் வித்துகள், சாகாமல் உறங்கிக் கிடக்கின்றன. ஈரம் திரும்பி வந்தால் எழுந்துகொள்ளும்.

உப்பும் மோரும் என்ன செய்கின்றன?

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. காயின் ஒவ்வொரு உயிரணுவையும் (செல்) சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வெளியே உப்பு அதிகமாக இருந்தால், உள்ளிருக்கும் நீர் சவ்வைக் கடந்து உப்பிருக்கும் பக்கம் ஓடுகிறது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதாவது வெயிலில் வைப்பதற்கு முன்பே வற்றும் வேலை தொடங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், தட்டிய கீறல் வழியாக உப்பும் உள்ளே நுழைந்து, மிச்ச நீரைப் பிடித்துக்கொள்கிறது.

மோர் எதற்கு? முதலில் புளிப்பு. புளித்த மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. காய் அரைகுறையாகக் காய்ந்து கிடக்கும் முதல் இரண்டு மூன்று நாள்தான் ஆபத்தான காலம். அப்போது உப்பும் புளிப்பும் சேர்ந்து காவல் நிற்கின்றன. அதனால்தான் புளிக்காத தயிரைக் கரைத்து ஊற்றினால் சரிவராது, நன்றாகப் புளித்திருக்க வேண்டும்.

அப்புறம் கசப்பு. மோர் கசப்பை எடுத்துவிடும் என்பதை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மோரைக் கீழே கொட்டாமல், காய் முழுவதையும் குடிக்கும் வரை ஊறவைக்கிறோமே, அப்படியானால் கசப்பு எங்கே போனது? பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. உப்பில் உள்ள சோடியம் நாக்கு கசப்பை உணர்வதை அடக்குகிறது. பாகற்காயில் உப்பைச் சற்றுத் தூக்கலாகப் போட்டால் கசப்பு குறைந்த மாதிரி இருப்பதும் இதனால்தான். மோரின் புளிப்பும் புரதமும் கூட நின்று உதவுகின்றன.

சுருக்கமாக: உப்பு நீரை வெளியே இழுக்கும், மிஞ்சியதைப் பிடித்து வைக்கும், கசப்பையும் தணிக்கும். மோர் புளிப்பால் காவல் காக்கும். எண்ணெயில் போடும்போது மோருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது.

மாடியில் மூன்று நாள்

எங்கள் வீட்டுக் கணக்கு: அரை கிலோ சுண்டைக்கு ஒரு லிட்டர் கெட்டியான புளித்த மோர், ஒரு கை நிறையக் கல்லுப்பு. காம்பை ஒட்டக் கிள்ளி, தட்டி, மோரில் போட்டு இரவு முழுக்க ஊறவைப்போம். காலையில் காயை மட்டும் வடித்துத் துணியில் பரப்புவோம். மோர்ச் சட்டியையும் மெல்லிய துணியால் வாய்கட்டிப் பக்கத்திலேயே வெயிலில் வைப்போம். சாயங்காலம் காயை மறுபடி அதே மோரில் போடுவோம். மறுநாள் மறுபடி வெயில்.

முதல் நாள் மாலையில் காய் கொஞ்சம் வாடியிருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் மாலைதான் பார்க்க வேண்டிய நேரம். பகலெல்லாம் காய்ந்து குழிந்த சுண்டையை மோரில் போட்டதும் பஞ்சு மாதிரி உறிஞ்ச ஆரம்பிக்கும். சட்டிக்குக் காது கொடுத்தால் சின்னச் சின்னக் குமிழ் வெடிப்பது கேட்கும். உள்ளே நீர் இருந்த இடம் காலியாகி, அங்கே உப்பும் மோரும் குடியேறுகின்றன. அடுத்த பகலில் நீர் மட்டும் ஆவியாகிப் போக, உப்பு, புளிப்பு, பால்புரதம் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஒரே தடவையாக மோரில் ஊறவைத்துக் காயப்போட்டால் இவ்வளவு ஏறாது. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்வதன் பலன் இதுதான்.

சட்டியில் மோர் தீர்ந்த பிறகு வெயில் மட்டும் போதும். பதம் தெரிந்துகொள்ள ஒரு கை அள்ளி முறத்தில் போட்டுக் குலுக்குங்கள். கூழாங்கல் மாதிரி கலகலவென்று சத்தம் வர வேண்டும். 'தொப் தொப்' என்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்புறம் ஒரு காயைக் காம்பிருந்த இடத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்த இடம்தான்.

மணத்தக்காளிக்கு இவ்வளவு பாடு இல்லை. காய் சிறியது, தோல் மெல்லியது; தட்டாமலே ஊறும், சீக்கிரம் காயும்.

எண்ணெயில் அரை நிமிடம்

வற்றல் எண்ணெயில்தான் முழுமை அடைகிறது. உள்ளே மிஞ்சிய கொஞ்ச நீர் சூடான எண்ணெயில் பட்டதும் சட்டென்று ஆவியாகி, சுருங்கிய காயை உப்பவைக்கிறது. மொறுமொறுப்பு அதிலிருந்து வருகிறது. உள்ளே தங்கிய மோரின் புரதமும் பால் சர்க்கரையும் அந்தச் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி, வறுத்த வாசனையைத் தருகின்றன. இதை மெயிலார்டு வினை என்பார்கள்; 1912ல் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மெயிலார்டின் பெயர். தோசை முறுகுவதும் காப்பிக்கொட்டை வறுபடுவதும் இதே வினைதான்.

கொஞ்சம் தாண்டினால் கருகும். கருகல் புதிதாக ஒரு கசப்பைக் கொண்டுவரும், அதை உப்பாலும் தணிக்க முடியாது. அதனால் காய் பழுப்புக்குத் திரும்பும்போதே எடுத்துவிடுங்கள், எண்ணெயை விட்டு வந்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும்.

வற்றக்குழம்புக்கு நல்லெண்ணெயில் வற்றலை வறுத்துத் தனியே எடுத்து வைத்து, குழம்பு இறக்கும் சமயத்தில் சேர்த்தால் உருவம் குலையாது. புதிதாகச் சமைப்பவர்கள் இடறும் இடம் உப்பு. வற்றல் தன் உப்பைக் குழம்பில் இறக்கும். ஆகவே வழக்கமாகப் போடுவதில் பாதி உப்போடு தொடங்கி, கொதித்த பிறகு சுவைத்துப் பார்த்துச் சேர்ப்பது நல்லது. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள மணத்தக்காளி வற்றலை மிஞ்ச எனக்கு வேறொன்று தெரியாது. பிள்ளை பெற்ற பெண்களுக்குச் சுண்டை வற்றல், வேப்பம்பூ, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாம் வறுத்துப் பொடித்து, சுடுசோற்றில் நெய்யோடு பிசைந்து கொடுப்பார்கள். அங்காயப் பொடி என்று பெயர். பெற்றவளுக்கு மட்டும் என்று சொல்லி வைத்தாலும் வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு உருண்டை வாங்கிக்கொள்வார்கள்.

சத்து போகுமா, கூடுமா?

இரண்டு கட்சிக்கும் சேர்த்து ஒரு கணக்கு. ஒரு கிலோ பச்சைக் காயில் 800 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 200 கிராம்தான் காயின் சரக்கு. காய்ந்ததன் மொத்த எடையில் நீர் பத்தில் ஒரு பங்குதான் என்கிற அளவுக்குக் காய்ந்தால், அந்த எடை ஏறக்குறைய 222 கிராம் வரும். அந்த 200 கிராம் சரக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் சின்ன இடத்துக்குள் சுருங்கிவிட்டது. 100 கிராம் வற்றலையும் 100 கிராம் பச்சைக் காயையும் எடுத்து அளந்தால் வற்றலில் இரும்பு, நார்ச்சத்து எல்லாம் பல மடங்கு காட்டுவது இதனால்தான். ஆனால் ஒரு வேளைக்கு 100 கிராம் வற்றலை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு கரண்டி போட்டால் அதிகம்.

இரும்பு போன்ற தாதுக்கள் வெயிலில் ஆவியாகாது. வைட்டமின் சி அப்படி இல்லை. வெயிலிலும் காற்றிலும் பெருமளவு அழிந்துவிடும். புதிதாகச் சேர்வது உப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

சித்த மருத்துவத்தில் சுண்டை வற்றல் சூரணம் என்று வயிற்றுப்போக்குக்கு ஒரு மருந்து உண்டு. அது வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு வற்றல் எல்லா நோயையும் தீர்க்கும் என்று பரப்புவது சரியில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சோலானம் பேரினத்துப் பச்சைக் காய்களில் கிளைக்கோ அல்கலாய்டு என்ற கசப்புப் பொருள் இருக்கும். பச்சை படிந்த உருளைக்கிழங்கைச் சாப்பிடக் கூடாது என்கிறோமே, அதில் இருப்பதும் இதே வகைதான். அளவு மிஞ்சினால் நஞ்சு. சாதாரணச் சமையல் சூட்டில் எளிதில் அழியாது, காயவைத்தாலும் போகாது. நாம் வழக்கமாக உண்ணும் வகைகளைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்வதில் தலைமுறைகளாகப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை நம்பி, மணத்தக்காளி மாதிரி தெரிகிற ஏதோ ஒரு செடியின் காயைப் பறித்து வற்றல் போட்டுவிடாதீர்கள். செடியை அடையாளம் தெரிந்தவரிடம் காட்டாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

ஜாடிக்குள் திரும்பி வரும் ஈரம்

இப்போது அந்தப் பூசண ஜாடி. ஒரு வருஷம் ஐப்பசியில், இடையிடையே வந்த வெயிலை நம்பி வற்றல் போட்டேன். முறத்தில் கலகலத்தது, நகத்தால் அழுத்திப் பார்க்கவில்லை. ஜாடியில் அடைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் பழைய துணி வாசனை. காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காம்பிருந்த குழியில் மட்டும் சாம்பல் நிறப் பஞ்சு. மேலே காய்ந்து, உள்ளே மிஞ்சிய ஈரம் மூடிய ஜாடிக்குள் எல்லாக் காய்க்கும் பரவிவிட்டது.

"மறுபடி வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஆகாது. பூசணம் காய்ந்து உதிரலாம். அதில் சில வகைகள் விட்டுச்செல்லும் நஞ்சு வெயிலுக்கும் வறுப்பதற்கும் அசையாது. முழு ஜாடியையும் குழியில் கொட்டினேன்.

நன்றாகக் காய்ந்த வற்றலும் மழைக்காலத்தில் நமத்துப்போகும். இங்கேதான் அந்த 0.75 திரும்ப வருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வற்றலுக்குள் இருப்பதும் அதே உப்புதான். ஆகவே இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி, ஈரமில்லாத கரண்டி, மழைக்கு முன்னும் பின்னும் ஒருநாள் வெயில். வெயிலில் இருந்து எடுத்ததும் சூட்டோடு அடைக்காமல் ஆறவிட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் ஜாடிச் சுவரில் ஆவி பூத்துவிடும்.

அடுப்படிக்கு வெளியே

காய்வது என்றால் நீர் போய்ச் சரக்கு தங்குவது. அந்தச் சரக்கு என்ன என்பதைப் பொறுத்து வேலை மாறும். சுண்டையில் அது சுவை. காட்டு மரங்களில் விளையும் வேறு சில கனிகளில் அது சோப்பு, சாயம்.

பூந்திக்கொட்டையின் காய்ந்த தோலில் சபோனின் இருக்கிறது. ஒரு முனை தண்ணீரோடும் மறுமுனை எண்ணெயோடும் ஒட்டிக்கொள்ளும் பொருள். அழுக்கில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஒரு கையால் பிடித்து, மறுகையால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. பட்டுப் புடவைக்கும் தங்க நகைக்கும் இதைத் தேடுவது, கடுமையான காரம் இல்லாமல் அழுக்கை எடுப்பதால்தான். கொட்டையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கி, வடிகட்டிய நீரை நுரைக்க வைத்துப் பயன்படுத்த வேண்டும். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கவனம்.

நெல்லிமுள்ளி என்கிற காய்ந்த நெல்லியிலும் கடுக்காயிலும் தங்குவது டானின், அதாவது துவர்ப்புப் பொருள். நெல்லிமுள்ளியை இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் காலையில் தண்ணீர் கறுத்திருக்கும். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை. தலைக்குத் தேய்க்க இரும்புச் சட்டியில்தான் ஊறவைக்க வேண்டும் என்று பாட்டிமார் அடம்பிடித்த காரணம் இதுதான். கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்துக் கறுப்பு மை செய்ததும் இதே வழியில். கலம்காரித் துணியை வரைவதற்கு முன் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயின் டானின் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும்.

பூந்திக்கொட்டைத் தோலையும் நெல்லிமுள்ளியையும் வற்றல் ஜாடியைப் போலவே வருஷத்துக்கு ஒருமுறை வெயில் காட்டி எடுத்து வைக்கலாம். இரண்டையும் சமையல் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். காய்ந்து சுருங்கிய பிறகு எல்லாமே ஒரே மாதிரி பழுப்பாகத்தான் தெரியும். பெயர் எழுதி ஒட்டி, தனி அலமாரியில் வையுங்கள்.